காகிதத்தில் ஒரு திருக்காவலூர்

வீரமாமுனிவர் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை. தேம்பாவணியில் எத்தனை பாடல்கள் என்று கேட்டால் 3615 என்று பளிச்சென்று சொல்லிவிடுவோம். காண்டம் மூன்று, படலம் முப்பத்தாறு. ஒரு மதிப்பெண் வினாவில் எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்!

இப்போது இன்னொரு கேள்வி. அதே வீரமாமுனிவர் நம் அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சியில் மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பினாரே, அதன் நீளம் எத்தனை அடி? சுவர் எவ்வளவு தடிமன்? கோபுரம் எவ்வளவு உயரம்? திருவிழாவுக்குப் போய் வந்த நண்பர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். "பெரிசா இருக்கும்டா" என்பதுதான் கிடைத்த பதில் :-)

பாட்டை எண்ணி வைத்த நாம் கட்டடத்தை எண்ணி வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க மாணவர்களால் முடிந்த ஒரு வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பழைய கோயிலை அளந்து, அளவு மாறாமல் சுருக்கி, காகிதத்தில் வெட்டி ஒட்டி ஒரு மாதிரி செய்வது. விளையாட்டு வேலை போலத் தெரியும். ஆனால் அதைச் செய்யப் போனால் வரலாற்றுப் புத்தகம் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டே ஆகவேண்டும்.

ஏலாக்குறிச்சியும் திருக்காவலூரும்

முதலில் கொஞ்சம் வரலாறு. வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவா வந்து, அங்கிருந்து மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். அந்தத் தளம் தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1606இல் தொடங்கியது. காவி உடை, சைவ உணவு, தமிழ்ப் புலமை என்று அவர் போட்ட பாதையிலேயே பெஸ்கியும் நடந்தார். முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர்.

அவர் நீண்டகாலம் தங்கியிருந்த ஊர் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், திருமானூர் ஒன்றியத்தில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர்ச் சீமை. இந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அங்குள்ள அடைக்கல மாதாவைப் பாடியதுதான் திருக்காவலூர்க் கலம்பகம். அப்போது அரியலூரை ஆண்ட மழவராய நயினாருக்கு ராஜபிளவை வந்து, முனிவர் ஜெபித்து இந்த மண்ணைப் பூசியதால் குணமாகி, அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்று இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். விருத்தாசலம் பக்கத்திலுள்ள கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலும் அவர் பெயரோடு சேர்ந்ததே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வீரமாமுனிவர் 1747இல் அம்பலக்காட்டில் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை முத்துசாமிப் பிள்ளை தமிழில் எழுதியது 1822இல். அதாவது எழுபத்தைந்து வருஷம் கழித்து. அவரும் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். ஓலைகளைச் சேகரித்தார். நூலைத் தேட ஓர் ஆள் கிளம்பினார், அதனால் நமக்கு நூல் கிடைத்தது. கட்டடத்தை அளக்க அப்படி ஓர் ஆள் அப்போதே கிளம்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காகித மாதிரி புதுசு அல்ல

கட்டடத்துக்கு மாதிரி செய்வது பழைய வழக்கம். ரோம் நகரத்துப் புனித பேதுரு கோயிலுக்காக 1539 முதல் 1546 வரை சங்கல்லோ என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி மரத்தில் ஒரு மாதிரி செய்தார்கள். அந்த மாதிரியே ஏழு மீட்டர் நீளத்துக்கு மேல்! லண்டன் புனித பவுல் கோயிலுக்காக கிறிஸ்டோபர் ரென் 1673-74இல் செய்வித்த மர மாதிரி ஆறு மீட்டருக்கு மேல். வேடிக்கை என்னவென்றால் அந்த மாதிரிப்படி கோயில் கட்டப்படவே இல்லை, திட்டம் மாறிவிட்டது. ஆனாலும் ரென் மனதில் முதலில் இருந்தது என்ன என்று இன்றைக்கும் பார்க்க முடிகிறது.

அதெல்லாம் ராஜாக்கள் செலவில் நடந்தது. காகிதம் வந்த பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கும் வழி பிறந்தது. பிரான்சில் எபினால் என்ற ஊரில் 1796இல் தொடங்கிய பெல்லரின் அச்சகம், பிற்காலத்தில் வெட்டி ஒட்டும் கட்டடத் தாள்களை அச்சிட்டு விற்றது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1941இல், இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஹெய்வே என்பவர் தபால் அட்டை அளவுத் தாளில் மாதிரிகளை வெளியிட்டார். போர்க்காலத்தில் பொம்மை செய்ய உலோகம் ஏது? போலந்தில் 1957இல் காகித மாதிரிகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள்.

நமக்கும் இது தெரியாத கலை இல்லை. டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு குடில் கட்டுகிறோம், வண்ணக் காகிதத்தில் நட்சத்திரம் ஒட்டுகிறோம். மூங்கில் தப்பையில் காகிதம் ஒட்டி அலங்கரிக்கத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கைகளுக்கு அளவுகோல் ஒன்றைக் கொடுத்தால் போதும்.

அளப்பது எப்படி?

மாதிரிக்கு முதல் வேலை அளவுவிகிதம். 1:100 என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். நிஜத்தில் ஒரு மீட்டர், மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் உயரக் கதவு இரண்டு சென்டிமீட்டர் ஆகும். நாம் நின்றால் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்போம். ஏ4 தாள் என்பது 21 மீட்டருக்கு 29.7 மீட்டர் மனை. அதற்கு மேல் நீளமான கோயில் என்றால் ஏ3 தாள் வேண்டும்.

தரையிலுள்ள அளவுகளுக்கு 30 மீட்டர் டேப் ஒன்று போதும். கொத்தனார்களிடம் இரவல் கிடைக்கும். பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டுவிட்டு, பூசை நேரம் இல்லாத நேரமாகப் பார்த்து அளக்க வேண்டும். ஒருவர் டேப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. மூன்று பேர் இருந்தால் அரை நாள் வேலை.

உயரத்துக்கு என்ன செய்வது? கோபுரத்தில் ஏற வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு வடிவியல் கைகொடுக்கும். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நிமிஷத்தில் கோபுரத்தின் நிழலையும் அளக்க வேண்டும். உதாரணத்துக்கு, குச்சியின் நிழல் 80 செ.மீ., சுவர் ஓரத்திலிருந்து கோபுரத்தின் நிழல் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோபுர உச்சி சுவர் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. ஆகவே அடிப்பாகத்தின் பாதியையும் சேர்க்க வேண்டும். அடி 4 மீட்டர் என்றால் பாதி 2. மொத்தம் 12 மீட்டர். 12ஐ 0.8ஆல் வகுத்தால் 15 மீட்டர். இந்தப் பாதியைச் சேர்க்காவிட்டால் கோபுரம் இரண்டரை மீட்டர் குட்டையாகிவிடும்.

இன்னொன்று, இது நம் ஊர் வெயில். ஏலாக்குறிச்சி கிட்டத்தட்ட 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். நிழல் காலடியில் சுருண்டுவிடும், அளக்கவே முடியாது. காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் போவது நல்லது.

எந்த வருஷத்துக் கோயில்?

இதுவரை கணக்கு. இனிமேல்தான் வரலாறு.

அளவெல்லாம் எடுத்துத் தாளில் கோடு போட உட்கார்ந்ததும் ஒரு கேள்வி எதிரே வந்து நிற்கும். நாம் செய்யப்போவது எந்த வருஷத்துக் கோயிலை? வீரமாமுனிவர் பூசை வைத்த காலத்துக் கோயிலையா, நம் தாத்தா பாட்டி கல்யாணம் பண்ணிக்கொண்ட கோயிலையா, போன வருஷம் பெயின்ட் அடித்த கோயிலையா?

அருங்காட்சியகத்துப் பொருள் கண்ணாடிக்குள் இருக்கும், மாறாது. வழிபாட்டில் இருக்கும் கோயில் அப்படி இருக்காது. ஜனம் பெருகினால் முகப்பை நீட்டுவார்கள். ஓடு ஒழுகினால் தளம் போடுவார்கள். நேர்ச்சையாக ஒருவர் மணி கொடுத்தால் மணிக்கூண்டு எழும்பும். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழையில் நனைந்துகொண்டு பூசை பார்க்கச் சொல்ல முடியாதல்லவா? ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையது எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

தரங்கம்பாடிக்குப் போனால் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பிலேயே 1718 என்று வருஷமும் டென்மார்க் அரசரின் முத்திரையும் இருக்கின்றன. சிலுவை வடிவத் தரையமைப்பு. காகிதத்தில் செய்து பழக அது நல்ல தொடக்கம். வருஷத்தைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

முகப்பில் வருஷம் எழுதாத கோயில்களுக்கு நாம்தான் துப்பறிய வேண்டும். எங்கே தேடலாம்?

முதலாவது, கல்யாண ஆல்பங்கள். ஊரில் எந்த வீட்டிலும் கோயில் வாசலில் மாப்பிள்ளை பெண் நிற்கும் படம் ஒன்று இருக்கும். 1960களின் கறுப்பு வெள்ளைப் படமானாலும் சரி. பின்னாலுள்ள தூணையும் வளைவையும் பாருங்கள். மாப்பிள்ளை ஐந்தரை அடி என்றால் அவருக்குப் பின்னாலுள்ள கதவு எத்தனை அடி என்று படத்தை வைத்தே கணக்குப் போடலாம். மாப்பிள்ளையே அளவுகோல்!

இரண்டாவது, விழா மலர்கள். வெள்ளிவிழா, நூற்றாண்டு விழா, கொடிமரம் அர்ச்சிப்பு என்று அச்சிட்ட மலர்களில் எந்த வருஷம் என்ன கட்டினார்கள் என்று ஒரு வரியாவது இருக்கும். பங்கு அலுவலகத்துப் பழைய கணக்கு நோட்டில் சுண்ணாம்பு இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு என்று இருந்தால் அது தங்கம்.

மூன்றாவது, பழைய அரசு ஆவணங்கள். இதில் நம் ஊர்க்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது 1995இல். அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் திரும்பப் பிரிந்தது. ஆகவே "அரியலூர் மாவட்டம்" என்று தேடினால் பழைய தாள் எதுவும் அகப்படாது. திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று தேட வேண்டும்.

நான்காவது சாட்சி கட்டடமேதான். செங்கல் எங்கெங்கே அளவு மாறுகிறது, சுவர் எங்கே திடீரென்று மெலிகிறது, வளைவு எங்கே வட்டமாகவும் எங்கே கூராகவும் இருக்கிறது என்று பார்த்தால் எது முன்னால் வந்தது, எது பின்னால் ஒட்டியது என்று ஓரளவுக்குப் பிடிபடும்.

சுவரின் தடிமன்

காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்குத் தடிமன் கிடையாது. பழைய கட்டடத்தின் ரகசியமோ தடிமனில்தான் இருக்கிறது.

கம்பியும் கான்கிரீட்டும் இல்லாத காலத்தில் கூரைப் பாரத்தையும் வளைவின் தள்ளலையும் சுவர்தான் தாங்கியாக வேண்டும். அதனால்தான் பழைய கோயில் ஜன்னலில் ஒரு குழந்தை சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு ஆழம் இருக்கிறது. மாதிரியில் இதை ஒற்றைத் தாளாக வெட்டி நிறுத்தினால் கோயில் சினிமா செட் மாதிரி ஆகிவிடும். 90 செ.மீ. சுவர் 1:100இல் 9 மில்லிமீட்டர். ஆகவே உள்தாள் ஒன்று, வெளித்தாள் ஒன்று, நடுவில் 9 மி.மீ. இடைவெளி விட்டுப் பெட்டி போல ஒட்ட வேண்டும். இப்படி ஒட்டும்போதுதான் அந்தக் காலத்துக் கொத்தனார் ஒவ்வொரு ஜன்னலுக்கும் எவ்வளவு செங்கல் செலவழித்தார் என்று நம் விரலுக்கே தெரியும்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுட்ட சுண்ணாம்பை நீற்று, மணல் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றி அரைத்துப் பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரத் தொடங்கும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் எல்லா இடத்திலும் சொல்வது இதைத்தான்.

அரியலூரோ சிமென்ட் ஊர். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்ததால் படிந்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இத்தனை ஆலைகளும் வந்தன. நம் ஊரில் சிமென்ட் மூட்டைக்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாருக்குத்தான் பஞ்சம். பழைய சுவர் விரிசல் விட்டால் நல்லெண்ணத்தோடு முதலில் கையில் எடுப்பது சிமென்டைத்தான். மாதிரி செய்கிறவர் எந்தச் சுவர் காரை, எந்தச் சுவர் சிமென்ட் என்று தாளில் குறித்து வைத்தால், நாளைக்கு ரிப்பேர் பார்க்கிறவருக்கு அது உதவும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 ஜிஎஸ்எம் தாள் நல்லது. சாதாரண சார்ட் பேப்பர் இரண்டு நாளில் வளைந்துவிடும். தெர்மாகோலில் செய்யலாமே என்பார்கள். அதில் மெல்லிய வேலைப்பாடு வராது, ஓரம் உதிரும். ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் அரை சென்டிமீட்டர் ஒட்டு மடிப்பு விட்டு வரைய வேண்டும். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த ரீஃபில்லால் ஒரு தடவை அழுத்திக் கீறினால் மடிப்பு கத்தி மாதிரி நேராக விழும். தூணுக்கும் வளைவுக்கும் தாளை ஒரு பென்சிலில் சுற்றிப் பழக்க வேண்டும். ஃபெவிகாலை குண்டூசி முனையால் தொட்டு வைத்தால் போதும், வழிந்தால் தாள் சுருங்கும்.

தரைத்தாள் முதலில், பிறகு உள்சுவர், வெளிச்சுவர், கூரை, கடைசியில் கோபுரம். முன்னால் கொடிமரத்தை மறக்காதீர்கள். கொடிமரம் இல்லாவிட்டால் அது நம் ஊர் மாதா கோயிலே அல்ல. மாதிரியின் அடியில் இரண்டு விஷயம் கட்டாயம் எழுத வேண்டும்: அளவெடுத்த தேதி, அளவுவிகிதம். முகப்பில் 1718 என்று எழுதி வைத்த தரங்கம்பாடிக்காரர்கள் மாதிரி நாமும் இருப்போம்.

ஏன் இவ்வளவு பாடு?

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மாதா கோயில் 1726இல் தொடங்கி 1743இல் முடிந்தது. வீரமாமுனிவர் இங்கே சதுரகராதி தொகுத்துக்கொண்டிருந்த அதே காலம். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் தீப்பிடித்து அது இடிந்து விழுந்தது. ஐம்பது வருஷம் வெறும் கற்குவியல். பிறகு 1994இல் எழுப்பத் தொடங்கி 2005இல் மறுபடி திறந்தார்கள். எப்படி முடிந்தது? பழைய வரைபடங்கள் இருந்தன, புகைப்படங்கள் இருந்தன. குவியலிலிருந்து எடுத்த பழைய கற்கள் பலவற்றையும் அவற்றின் இடத்திலேயே திரும்ப வைத்தார்கள்.

இங்கே தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் அங்கே நிற்கும் கோயில் சுவரை எத்தனை பேர் படம் எடுக்கிறோம்! அந்தச் சுவருக்குள் பூசை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பீடம் எங்கே இருந்தது, கூரை எப்படி இருந்தது என்று கையால் தொட்டுக் காட்ட ஒரு காகித மாதிரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

புயலோ குண்டோ வந்தால்தான் கட்டடம் போகும் என்பதில்லை. வருஷத்துக்கு ஒரு சின்ன மாற்றம் போதும், ஐம்பது வருஷத்தில் வேறு கட்டடம் வந்து நிற்கும். யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

வீரமாமுனிவர் சின்ன விஷயங்களின் மதிப்பு தெரிந்தவர். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட, எகரம் எது ஏகாரம் எது என்று படிக்கிறவர்கள் திண்டாடினார்கள். அவர் கொம்பை ஒரு சுழி சுழித்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். ஒரு சுழிதான்! இன்றைக்கு இந்தக் கட்டுரையில் "ஏலாக்குறிச்சி மேலே" என்று எழுதினால் நீங்கள் தடுமாறாமல் படிக்கிறீர்களே, அது அந்தச் சுழியின் புண்ணியம். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது எங்கே தெரியுமா? அவர் கடுமையாக எதிர்த்து எழுதிய லுத்தரன் சபையாரின் தரங்கம்பாடி அச்சகத்தில்! கருத்து வேறுபட்டாலும் பயனுள்ளதைக் காகிதத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். ஏலாக்குறிச்சிதான் என்றில்லை. உங்கள் ஊரில் பழைய மாதா கோயிலோ, பெருமாள் கோயில் மண்டபமோ, பள்ளிவாசலோ, ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடமோ எது இருந்தாலும் சரி. முதலில் நீளம், அகலம், சுவரின் தடிமன் மூன்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். ஒட்டுவது பிறகு ஆகட்டும். 3615 என்று ஒரு எண் நமக்குத் தெரியும். ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கும் அப்படி ஓர் எண்ணை நம் வகுப்பிலிருந்து யாராவது எழுதிக்கொண்டு வந்தால், முதல் தாளை வெட்டித் தர நான் தயார்.